ரயரின் விலாப்புறத்தில் எழுதிய வரலாறு



தேய்ந்துபோன ரயர்களைக் கழற்றிவிட்டுத் தம்முடைய டீசல் பிக்கப் வண்டிக்குப் புதிய ரயர்கள் வாங்கச் செல்பவர், கடையிலே முதலில் நோக்குவது தரையில் படியும் பரப்பின் ஆழமான வெட்டுக்களையே. அடுத்தபடியாக விலையை நோக்குகிறார். ரயரின் விலாப்புறத்தில், கருமையின்மேற் கருமையாக வார்க்கப்பட்டிருக்கும் எழுத்துக்களையும் எண்களையும் நோக்குபவர் மிகச் சிலர். ‘195 ஆர் 14 சீ, 8 பீ.ஆர்., 106/104 எஸ்’ என்று ஒரு வரி அங்கே காணப்படும். சிறிது தள்ளி, ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் அடங்கியிருக்கும். இவை தொழிற்சாலைக்காரர் தமக்குள் வைத்துக்கொண்ட இரகசியக் குறிகள் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவை வாங்குபவருக்கென்றே எழுதப்பட்டவை. அது மட்டுமன்று; ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவையின் பொருட்டு வந்து சேர்ந்தது. அந்த ஒற்றை வரியை வரலாற்றின் துணைகொண்டு இன்று படித்துப் பார்ப்போம்.

எழுத்துக்களுக்கு முன், அவை பொறிக்கப்பட்ட பொருளைப்பற்றிச் சில சொற்கள். மரத்திலிருந்து வடியும் பாலை உறையச்செய்து பெறும் பச்சை இறப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் இறுகி வெடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனால் மழையங்கியும் காலணியும் செய்து விற்றவர்கள் கோடைகாலம் வந்ததும் நட்டப்பட்டார்கள். இக்குறையை நீக்கும் வழியை 1839 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்ள்ஸ் குட்யியர் கண்டார். கந்தகம் கலந்த இறப்பர் சூடான அடுப்பிற் பட்டபோது உருகாமற் பதம் பெற்றது என்பது வழங்கிவரும் கதை. கந்தகம் இறப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதே அதன் காரணம் என்பது பிற்காலத்து விளக்கம். இங்கிலாந்திலே தோமஸ் ஹான்கொக் என்பவரும் இதே முறைக்கு உரிமை பெற்றார். குட்யியர் கடனுக்காகப் பலமுறை சிறை சென்றவர்; 1860 ஆம் ஆண்டில் இறந்தபோதும் பெருங்கடன் வைத்தே இறந்தார். அவர் பெயரை இன்று உலகெங்கும் ரயர்களிற் காண்கிறோமே, அந்தக் கொம்பனி 1898 இல் வேறொருவரால் நிறுவப்பட்டு, அவர் நினைவாகப் பெயரிடப்பட்டது. அவருடைய குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனிக் காற்றின் கதை. காற்றடைத்த சக்கரத்தை முதன்முதற் கண்டவர் டன்லொப் என்றே பள்ளிப் புத்தகங்களிற் படித்திருக்கிறோம். அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1845 ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்து நாட்டவராகிய றொபேட் வில்லியம் தொம்சன் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இறப்பர் பூசிய துணிக்குழாயிற் காற்றை நிரப்பி, தோலுறை போர்த்து, குதிரை வண்டிச் சக்கரங்களிற் பொருத்தி, 1847 இல் லண்டன் மாநகரின் றீஜன்ற் பூங்காவில் ஓட்டிக் காட்டினார். சத்தமில்லை, குலுக்கலில்லை, குதிரைக்கும் உழைப்புக் குறைந்தது. எனினும் அதற்கேற்ற மெல்லிய இறப்பர் மலிவாகக் கிடைக்காமையால் அக்கண்டுபிடிப்பு உறங்கிப் போயிற்று. 1888 இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்காகச் செய்த காற்றுக் குழாய்க்கு உரிமை பெற்றார். தொம்சனின் பழைய பத்திரம் வெளிப்பட்டதும் அவ்வுரிமை செல்லாதாயிற்று. ஆயினும் அப்பொழுது சைக்கிள் யுகம் பிறந்துவிட்டது. ரயர் தன் வேளையைக் கண்டுகொண்டது. காலத்துக்கு முந்திப் பிறந்த பொருளுக்கு உலகில் இடமில்லை போலும்.

டன்லொப்பின் ரயர் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டப்பட்டது. முள்ளுக் குத்தினால் அதைப் பிரித்து, ஒட்டுப்போட்டு, மீண்டும் ஒட்டிக் காயவைக்க ஓர் இரவே செல்லும். பிரான்சு நாட்டின் கிளர்மோன்-பெரோன் நகரிலே இறப்பர்த் தொழிற்சாலை நடாத்திய மிச்செலின் சகோதரர்கள் 1891 இல் கழற்றி மாட்டத்தக்க ரயரைச் செய்தனர். அவ்வாண்டே பாரிசிலிருந்து பிரெஸ்ற் சென்று திரும்பும் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் அவர்களது ரயர் வென்றது. 1895 இல் பாரிஸ் – போர்தோ மோட்டார் ஓட்டத்திற் காற்று ரயர் பூட்டிய வண்டியொன்றைத் தாமே ஓட்டிச் சென்றார்கள். வழியெங்கும் ரயர்கள் வெடித்தன. பரிசு கிட்டவில்லை. எனினும் வண்டி ஊர்போய்ச் சேர்ந்தது. காற்றின்மேல் ஒரு மோட்டார் வண்டியைச் சுமத்த இயலும் என்பது நிலைநாட்டப்பட்டது.

இதிலொரு நுட்பம் உண்டு. ரயரிலே பாரத்தைத் தாங்குவது இறப்பர் அன்று, காற்று. இறப்பரும் துணியும் கம்பியும் அக்காற்றை அடைத்துவைக்கும் பாத்திரமே. நாம் முதலிற் படித்த ‘195 ஆர் 14 சீ, 8 பீ.ஆர்.’ என்ற ரயர் தனக்குரிய முழுப் பாரத்தையும் தாங்குவது, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 65 இறாத்தல் காற்று அதனுள் இருக்கும்போது மட்டுமே. சவாரி மெத்தென்று இருக்கட்டும் என்று 35 இறாத்தலோடு நிறுத்திவிட்டு ஒரு தொன் சீமெந்து ஏற்றுபவர், எத்துணை விலைகொடுத்து எந்த ரயரை வாங்கினும் பயனில்லை. விலாப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிரும். மடிந்து நிமிர்வதாற் சூடேறும். சூட்டினால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழலும்.

இறப்பருக்குத் தேவை பெருகியபோது அத்தேவையை நிறைவேற்றியவர்கள் யார்? மோட்டார் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கடந்துசென்றுவிடும் பகுதி இது. 1890 களில் உலகத்து இறப்பர் முழுவதும் காட்டு இறப்பர். கொங்கோ நாட்டைத் தன் சொந்தச் சொத்தாக ஆண்ட பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டின் ஆட்கள், ஊருக்கு இத்தனை இறப்பர் என்று அளவு விதித்து, கொணரத் தவறியோரைச் சவுக்காலடித்தும், பெண்களைப் பிணைவைத்தும், கைகளைத் துண்டித்தும் கொடுமை செய்தனர். பிரித்தானியப் பிரதிநிதி றொஜர் கேஸ்மன்ற் 1904 இல் வெளியிட்ட அறிக்கை உலகை அதிரவைத்தது. 1908 இல் கொங்கோ அம்மன்னனிடமிருந்து பறிக்கப்பட்டுப் பெல்ஜிய அரசின் கீழ் வந்தது. ஐரோப்பிய நகரங்களின் பூங்காக்களிற் சைக்கிள் மிதித்துச் சென்ற சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும், தாம் எதன்மேல் உருளுகின்றோம் என்பது தெரிந்திருக்கவில்லை.

காட்டு இறப்பரின் ஆட்சியை முடித்தது தோட்ட இறப்பர். அதன் வரலாற்றில் நமது இலங்கைக்குத் தனியிடம் உண்டு. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சமே. அம்முளைகளிற் பெரும்பாலானவை அவ்வாண்டே கண்ணாடிப் பேழைகளில் அடைக்கப்பட்டு இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹாவிலே ஹெனரத்கொடப் பூங்கா அவற்றுக்கு இடமளித்தது. பின்னர் ஆசியாவெங்கும் பரந்த இறப்பர்க் காடுகளுக்கு அது ஒரு தாய்வீடு என்று சொல்லலாம். ஆயினும் கோப்பிப் பயிர் நோயால் அழிந்த அக்காலத்து மலைநாட்டுத் துரைமார் தேயிலையைத்தான் நாடினர். இறப்பரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் ஹென்றி றிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் நாள்தோறும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். சட்டைப்பை நிறைய விதைகளோடு தோட்டம் தோட்டமாகத் திரிந்த அவரைப் பைத்தியக்கார றிட்லி என்று நகைத்தனர். மோட்டார் வண்டி வந்து இறப்பர் விலை வானத்தை எட்டியபின் எவரும் நகைக்கவில்லை. அவர் நூறு வயதையும் தாண்டி வாழ்ந்து, 1956 இலே மறைந்தார்.

களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலும் மலாயாவிலும் விடியலுக்கு முன் எழுந்து, இருளிலே மரத்துக்கு மரம் நடந்து பட்டை சீவியவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட நம்மவர் பல்லாயிரவர். வெயிலேறினாற் பால் வடிவது குறையும். ஆகையால் இருள் பிரியுமுன்னரே அவர்களுடைய வேலை தொடங்கிவிடும். மழை பெய்தால் அன்றைக்குப் பாலுமில்லை. பல தோட்டங்களிற் கூலியுமில்லை.

1942 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாகவே, நேசநாடுகள் தம் இயற்கை இறப்பரில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஒரே வீச்சில் இழந்தன. எஞ்சிய மூலங்களுள் முதன்மையானது இலங்கை. இங்கே மரங்களின் எதிர்காலத்தைக் கருதாமல், கிடைக்கும் பாலையெல்லாம் வடித்தெடுக்கும் ‘கொலைவெட்டு’ நடைபெற்றது. அமெரிக்காவிலே சீனிக்கும் பெற்றோலுக்கும் முன்னதாக, முதன்முதலிற் பங்கீட்டுக்கு வந்த பொருள் ரயரே. பெற்றோலைப் பங்கிட்டதுங்கூடப் பெற்றோலை மிச்சப்படுத்தவன்று, ரயரை மிச்சப்படுத்தவே. நாடெங்கும் மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டலாகாது என்ற விதியும் அதற்காகவே பிறந்தது. அதே வேளையிற் பெற்றோலியத்திலிருந்தும் மதுசாரத்திலிருந்தும் செயற்கை இறப்பர் செய்யும் ஆலைகள் மிக விரைவாக எழுந்தன. 1945 அளவில் அமெரிக்கா மட்டும் ஆண்டொன்றுக்கு ஏழு இலட்சம் தொன்னுக்கு மேல் உற்பத்தி செய்தது.

போர் முடிந்தபின் செயற்கை இறப்பர் இயற்கை இறப்பரை விழுங்கிவிடும் என்று அஞ்சினர். அவ்வாறு நேரவில்லை. மடிந்து நிமிரும்போது இயற்கை இறப்பரில் எழும் சூடு குறைவு. ஆகவே பாரமேற்றும் லொறி ரயர்களிலும் விமான ரயர்களிலும் இன்றும் அதுவே பெரும்பங்கு வகிக்கிறது. விலை சரிந்த அக்காலத்தில் இலங்கையின் துணிவான செயல் 1952 இற் சீனத்தோடு செய்துகொண்ட இறப்பர் – அரிசி ஒப்பந்தம். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரை ஏற்றுமதி செய்து 2,70,000 தொன் அரிசியைப் பெறுவது அதன் சாரம். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சீனத்தோடு வாணிகம் செய்வதை அமெரிக்கா விரும்பவில்லை. எனினும் அன்று வர்த்தக அமைச்சராயிருந்த ஆர். ஜீ. சேனநாயக்கா பின்வாங்கவில்லை. 1960 களிற் சோவியத் உதவியோடு களனியில் அரசாங்க ரயர்த் தொழிற்சாலை எழுந்தது. பாலை விற்று ரயரை வாங்கிய நாடு, தன் பாலிலே தானே ரயர் வார்க்கத் தொடங்கியது.

இவ்வளவும் பொருளின் வரலாறு. இனி எழுத்துக்கு வருவோம். ‘8 பீ.ஆர்.’ என்பதை எட்டு அடுக்கு என்று படிக்கின்றனர். கடைக்காரரும் அவ்வாறே சொல்வார். ரயரை அறுத்துப் பார்த்தால் எட்டு அடுக்கு அங்கே இராது. இரண்டோ மூன்றோதான் இருக்கும். பின் ஏன் இந்த எண்? ஆதியில் ரயரின் உடல் பருத்தி நூலாலானது. பருத்தி வலிமை குறைந்தது. ஆகையாற் பாரத்துக்கேற்ப நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று அடுக்கடுக்காக வைத்துக் கட்டினர். அடுக்கு மிகுந்தால் ரயர் வலியது என்பது அன்று நேர்க்கணக்கு. 1930 களின் இறுதியில் றேயோன் வந்தது. போர்க்காலத்தில் நைலோன் வந்தது. அப்பால் பொலியெஸ்ரரும் உருக்குக் கம்பியும் வந்தன. ஓரடுக்கு நைலோன் இரண்டடுக்குப் பருத்தியின் வேலையைச் செய்தது. வாங்குவோரோ பழைய எண்ணையே கேட்டனர். ஆதலால் ‘எட்டுப் பருத்தி அடுக்குக்கு நிகரான வலிமை’ என்று பொருள்படும்படி அவ்வெண் நின்றுவிட்டது. பருத்தி போய்விட்டது, பருத்தியின் எண் போகவில்லை. பழங்காலத்து இறாத்தற்கல்லை வைத்துப் புதுச்சரக்கை நிறுப்பது போன்றதுதான் இது.

ஆயினும் அந்த எண்ணை அலட்சியம் செய்தலாகாது. அதன் அருகே நிற்கும் ‘சீ’ என்ற எழுத்து, இது சரக்கு வண்டிக்கானது என்று கூறுகிறது. அமெரிக்க முறையில் அதே கருத்தை ‘எல்.டீ.’ என்ற எழுத்துக்கள் உணர்த்தும். அளவு ஒத்திருக்கிறது, விலையும் குறைவு என்று காருக்குரிய ரயரைப் பிக்கப் வண்டியிற் பூட்டுபவர் உண்டு. வெறும் வண்டியாக ஓடும்வரை வேறுபாடு தோன்றாது. வெங்காய மூடைகளோ சீவற் கல்லோ ஏற்றிய அன்று, நண்பகல் வெயிலில், தார் கொதிக்கும் வீதியில் அது தோன்றும்.

இனி ‘ஆர்’ என்ற எழுத்து. ரயரின் வயது நூறு என்றால் இந்த ஓரெழுத்தே அதன் நடுவயதில் நேர்ந்த பெரும்புரட்சி எனலாம். பழைய ரயரில் நூல்கள் ஒன்றையொன்று குறுக்கறுத்துச் சாய்வாக ஓடின. வண்டி உருளும்போது அவை கத்தரிக்கோல் போல ஒன்றோடொன்று உரசிச் சூடேறின. 1946 இல் மிச்செலின் கொம்பனி காப்புரிமை பெற்ற புதிய ரயரில், உடலின் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஆரக்கால் போல நேராகச் சென்றன. அவற்றின்மேல், தரையைத் தொடும் பகுதிக்குக் கீழே, உருக்குக் கம்பிப் பட்டைகள் சுற்றப்பட்டன. இதனால் விலாப்புறம் தன்பாட்டில் வளைந்துகொடுக்கும். தரையிற் படியும் பகுதி நெளியாமற் படியும். சூடு குறைந்தது, தேய்வு குறைந்தது, எரிபொருளும் மிஞ்சியது. 1949 இல் இது சந்தைக்கு வந்தபோது ஐரோப்பா விரைந்து ஏற்றுக்கொண்டது. அமெரிக்கத் தொழிலதிபர்களோ தம் இயந்திரங்களையெல்லாம் மாற்றவேண்டுமே என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் தயங்கினர். எண்ணெய் விலை ஏறிய 1970 களே அவர்களை அசைத்தது.

அளவு எழுதும் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. 195 என்பது அகலம், மில்லிமீற்றரில். 14 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில்! ஒரே வரியில் இரண்டு அளவை முறைகள். சக்கர வட்டங்களின் அளவை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அங்குலத்தில் நிலைநிறுத்திவிட்டிருந்தனர். ரயரின் அகலத்தை ஐரோப்பியர் மில்லிமீற்றரில் எழுதலாயினர். இரண்டும் சமரசமாக ஒரு வரியில் உட்கார்ந்துவிட்டன. அகலத்துக்குப் பின் சாய்கோடிட்டு 65 என்றோ 70 என்றோ எழுதியிருந்தால், விலாப்புறத்தின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு அத்தனை பங்கு என்பது பொருள். அவ்வெண் இல்லாத பழைய முறையில் அப்பங்கு எண்பதுக்குச் சற்று மேலென்று கொள்க. ஒன்று நினைவில் நிற்கவேண்டும்: ‘ஆர்’ உள்ள ரயரையும், ஆர் இன்றிச் சிறு கோடு மட்டும் இட்ட சாய்நூல் ரயரையும் ஓரச்சிற் கலந்து பூட்டலாகாது. வளைவிலே இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

டீசல் எஞ்சின் என்ற சொல்லுக்கும் நம் பேச்சில் இடம் தரவேண்டும். றுடோல்ப் டீசல் 1897 இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரத்தில் ஓட்டிக்காட்டிய எஞ்சின் ஆளுயரத்தைவிட உயர்ந்து நின்ற இரும்புக் கோபுரம். வண்டியில் ஏற்றுவதை எவரும் கனவு காணவில்லை. அவர் 1913 இல் ஆங்கிலக் கால்வாயைக் கப்பலிற் கடந்தபோது மறைந்துபோனார். 1920 களில் டீசல் லொறிகள் தோன்றின. 1936 இல் மெர்சிடிஸ் நிறுவனம் டீசற் காரை விற்பனைக்கு விட்டது. பிக்கப் வண்டியோ வேறு வழியால் வந்தது. விவசாயிகள் தங்கள் போர்ட் கார்களின் பின்புறத்தை வெட்டிப் பெட்டி அமைத்துக்கொள்வதைக் கண்ட போர்ட் கொம்பனி, 1925 இல் தானே அதைச் செய்து 281 டொலருக்கு விற்றது. யப்பானியரின் ஹைலக்ஸ் பிறந்தது 1968 இல். பின்வந்த ஆண்டுகளில் டீசல் எஞ்சினும் பிக்கப் பெட்டியும் கூடின. அக்கூட்டு நம்மூர்த் தோட்டங்களுக்கும் சந்தைகளுக்கும் மிகப் பொருந்தியது.

அக்கூட்டின் இயல்பு ரயருக்குச் சோதனையானது. பெற்றோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சின் பாரமானது. கடுமையான அமுக்கத்தைத் தாங்க அதன் இரும்பு தடித்திருக்கவேண்டும். அந்தப் பாரம் முன்னச்சில் எப்பொழுதும் இருக்கும். பின்னச்சோ ஒரு வேளை வெறுமையாயும் மறுவேளை ஒரு தொன்னோடும் செல்லும். மேலும் டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே மிகுந்த முறுக்குவிசையைத் தரும். அவ்விசையைத் தரையில் இறக்குவது பின் ரயர்கள். ஆகவே பின் ரயர் சேற்றிலும் மேட்டிலும் உராய்ந்து தேயும். முன் ரயர் திருப்பத்திலே ஓரம் தேயும்.

நான்கையும் ஒருங்கே மாற்றப் பணமில்லாமல் இரண்டு மட்டும் வாங்குபவர், அவற்றை முன்னே பூட்டுவதா பின்னே பூட்டுவதா? ‘முன்னே’ என்றே பலர் சொல்வர். திருப்புவது முன் சக்கரமல்லவா என்பது அவர்கள் நியாயம். ஆயின் மழைநாளிற் கடுகண்ணாவை இறக்கத்தில் வெறும் பெட்டியோடு வரும் பிக்கப் வண்டியை எண்ணிப் பாருங்கள். முன்னே எஞ்சினின் பாரம் இருப்பதால் முன் ரயர் ஓரளவு பிடித்துக்கொள்ளும். பின்னே பாரமில்லை, தேய்ந்த ரயர் நீரை வெளியேற்றமாட்டாது மிதக்கும். முன் ரயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேரே செல்லும். ஓட்டுநர் காலை எடுத்து வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின் ரயர் வழுக்கினால் வண்டி தன்னைத்தானே சுற்றிவிடும். பெரும்பாலோரால் அதை மீட்க இயலாது. எனவே புதிய இரண்டும் பின்னச்சுக்கே உரியன.

‘106/104’ என்பது பாரச் சுட்டெண். ஒரு சக்கரமாக நிற்கும்போது ரயரொன்று 950 கிலோகிராமும், இரட்டைச் சக்கரமாக நிற்கும்போது ஒவ்வொன்றும் 900 கிலோகிராமும் தாங்கும் என்பது அதன் பொருள். இக்காலத்துப் பெரிய பிக்கப் வண்டிகளிற் காணும் 112 என்ற எண் 1,120 கிலோகிராமைக் குறிக்கும். வண்டியின் கதவுத் தூணில் ஒட்டப்பட்ட தகட்டிலோ கைந்நூலிலோ குறித்த எண்ணுக்கு இது குறையலாகாது, கூடினாற் குற்றமில்லை. கடைசி எழுத்தாகிய ‘எஸ்’ மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தின் அடையாளம். நம் வீதிகளில் அதனால் ஆவதொன்றுமில்லை என்றாலும், அதிலும் தாழ்ந்த எழுத்தைத் தேர்வது சூடு தாங்கும் ஆற்றலைக் குறைத்து வாங்குவதேயாகும். அழகுக்காகப் பெரிய ரயர் பூட்டும் இளைஞர்களுக்கு ஒரு கணக்கு: விட்டம் நூற்றுக்குப் பத்துக் கூடினால், மானி 60 என்று காட்டும்போது வண்டி 66 இற் செல்லும். நிறுத்தியும் அதற்கேற்ப வலுவிழக்கும். எஞ்சினும் ஏற்றத்தில் முனகும்.

மறுவார்ப்புச் செய்த ரயரைப் பற்றி ஒரு சொல். போர்க்காலப் பஞ்சத்தில் வளர்ந்த இக்கலை லொறிகளிலும் பேருந்துகளிலும் இன்றும் நன்கு பயன்படுகிறது. உடல் நலமாயிருந்து, நம்பத்தக்க இடத்தில் வார்க்கப்பட்டதாயின் அதிற் குறைகாண வேண்டியதில்லை. ஆனால் அதன் உடல் எத்தனை ஆண்டு உழைத்தது என்பதைப் புதிய மேற்பரப்பு மறைத்துவிடும். முன்னச்சுக்கு அதனைத் தவிர்ப்பதே என் கருத்து.

இறுதியாக அந்த நீள்வட்டத்துள் நான்கு எண்கள். முதலிரண்டும் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும், பின்னிரண்டும் எந்த ஆண்டு என்பதையும் குறிக்கும். ‘2319’ என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். 2000 ஆம் ஆண்டுக்கு முன் மூன்று எண்களே இருந்தன. ஆதலால் மூன்றெண் ரயரொன்று எங்கேனும் கிடைத்தால், அது எத்துணை பளபளப்பாயிருந்தாலும் கால் நூற்றாண்டு கடந்தது.

பூட்டப்படாமற் கிடந்தாலும் இறப்பர் முதுமையடையும். வளியிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெப்பமும் அதைக் கடினமாக்கும். வெளியே சிறு கீறல் தெரியும் முன்பே உள்ளே கம்பியைப் பற்றியிருக்கும் பிடி தளர்ந்துவிடலாம். 2012 ஆம் ஆண்டு செப்ரெம்பரில், தென் இங்கிலாந்தின் ஹைன்ட்ஹெட் என்னுமிடத்தில், இசைவிழாவொன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றிவந்த பேருந்தின் முன் ரயர் வெடித்தது, மூவர் இறந்தனர். அந்த ரயரின் வெட்டுக்கள் ஆழமாகவே இருந்தன. அதன் வயதோ பத்தொன்பதுக்கு மேல். பேருந்தைவிட ரயர் மூத்தது. மகனை இழந்த ஒரு தாய் ஆண்டுக்கணக்காக நடாத்திய போராட்டத்தின் பின், 2021 பெப்ரவரி முதலாக, பத்தாண்டு கடந்த ரயர்களைப் பேருந்துகளினதும் பாரலொறிகளினதும் முன்னச்சிற் பூட்டுவதைப் பிரித்தானியா தடைசெய்தது.

அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தரையிற் படியும் பட்டை பிரிந்து கழன்ற 65 இலட்சம் பயர்ஸ்ரோன் ரயர்கள் திருப்பியழைக்கப்பட்டன. அந்த ரயர்களோடு தொடர்புபடுத்தப்பட்ட விபத்துக்களில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தயாரிப்பின் குறையும், குறைந்த காற்றமுக்கமும், வெப்பமும், மிகைப் பாரமும் அங்கே கைகோத்தன என்பதே விசாரணையில் விவாதிக்கப்பட்டது. அமெரிக்காவிற் புதிய வண்டிகளில் ரயரின் காற்றுக் குறைந்ததும் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமானது அதன் பின்விளைவு.

இலங்கையில் 2020 மார்ச் தொடக்கம் 2025 இன் ஆரம்பம் வரை புதிய வாகனங்களின் இறக்குமதி நின்றிருந்தது. அந்த ஐந்தாண்டுகளும் பழைய பிக்கப் வண்டிகளே பாரம் சுமந்தன. அவற்றுட் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அத்தகைய வண்டிக்கு ரயர் கேட்டுச் செல்பவர், நான்கிலும் அந்த நான்கெண்களைத் தாமே குனிந்து படித்துப் பார்க்கட்டும். ஒரே கடையில், ஒரே அடுக்கில், மூன்றாண்டு வித்தியாசமுள்ள இரண்டு ரயர்கள் ஒரே விலைக்கு நிற்பது அருமையன்று. வீடு திரும்பியதும், பெட்டியின் அடியிலே சங்கிலியில் தொங்கிக்கொண்டு சேறும் புழுதியும் படிந்திருக்கும் உதிரிச் சக்கரத்தையும் இறக்கி, துடைத்து, அதன் எண்ணையும் பார்க்கட்டும். வண்டி பிறந்த நாளிலிருந்து ஒருமுறையேனும் தரையைத் தொடாமல் முதுமையடைந்த ரயர் பெரும்பாலும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.